கஜா எல்லார் தோப்பிலும்தான் அடித்தது

பேராவூரணிப் பக்கத்தில் யாரிடம் பேசினாலும் கஜாவுக்கு முன்னால், கஜாவுக்குப் பின்னால் என்று இரண்டு காலம் இருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல் அது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி, அந்தப் பக்கம் அறந்தாங்கி, ஆலங்குடி என்று வளைத்து அடித்ததில், தாத்தா காலத்துத் தென்னைகள்கூட ஒரே ராத்திரியில் வேரோடு படுத்துவிட்டன. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை எங்கள் ஊர். நெல்லை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்றுதான் ஒரு தலைமுறையே தென்னைக்கு மாறியது. அந்தத் தென்னையும் போயிற்று.

நான் இங்கே சின்னதாக ஆன்லைன் சேவைக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பட்டா சிட்டா, ரயில் டிக்கெட், கரண்ட் பில், அப்புறம் பாஸ்போர்ட் விண்ணப்பம். புயலுக்குப் பிந்தைய மாதங்களில் மற்ற வேலைகள் குறைந்து பாஸ்போர்ட் வேலை ஏறிக்கொண்டே போனது. கொத்தனார், எலக்ட்ரீஷியன், தோப்புக்காரர், டிப்ளமோ முடித்த பையன் என்று எல்லாரும் வந்தார்கள். வந்தவர்களைப் பார்க்கப் பார்க்க, வராதவர்களைப் பற்றியும் யோசிக்க ஆரம்பித்தேன். புயல் எல்லாருக்கும் பொது. கடனும் ஏறக்குறைய எல்லாருக்கும் பொது. ஏஜென்ட்டுகளும் எல்லாத் தெருவுக்கும்தான் வந்து போனார்கள். அப்படியிருக்க ஒருவர் கிளம்புகிறார், பக்கத்துத் தோப்புக்காரர் கிளம்பவில்லை. ஏன்?

தொலைநிலைக் கல்வியில் உளவியல் முதுகலை படித்தவள் நான். அந்தப் பழக்கத்தில், மனிதர்களின் குணத்துக்கும் ஊர் விட்டு ஊர் போவதற்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியதில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததும் கடையில் பார்த்ததும் சில இடங்களில் அப்படியே பொருந்தின. சில இடங்களில் நேர் எதிராக இருந்தன. பொருந்தாத இடங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ஆட்களின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேர். பாகம் பிரித்ததில் ஆளுக்கு இரண்டு ஏக்கர் தோப்பு, நடுவே ஒரு வரப்புதான். புயலுக்கு மறுநாள் இருவர் தோப்பிலும் நின்றிருந்த மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. கணக்கெடுக்க வந்தவர்களோடு அண்ணன் கூடவே நடந்து, ஒவ்வொரு மரத்தையும் தொட்டுக் காட்டினார். வந்த பணம் போதாமல் வீட்டு நகையை அடகு வைத்துக் கன்று வாங்கினார். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். அதுவரை ஊடுபயிராக உளுந்தும் எள்ளும் போட்டு வயிற்றைக் கழுவ வேண்டும். கன்று வேர் பிடித்தாலும் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும். அதைத் தாண்டினால் சிவப்புக் கூன்வண்டு, அதற்கப்புறம் வெள்ளை ஈ. இத்தனையும் தெரிந்தே குழி வெட்டினார்.

தம்பி, கரண்ட் வந்த வாரமே என் கடைக்கு வந்துவிட்டார். பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். பத்து பாஸ் என்றால் ஈ.சி.ஆர். முத்திரை இல்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். குவைத், சவூதி, மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அந்த முத்திரை இருப்பவர்கள் தனியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இதையெல்லாம் எனக்கு முன்னால் அவரே சொன்னார். விசாரித்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். உடம்பில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் என்ன என்று கேட்டேன். சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே தேங்காய் உரிக்கும் கம்பி கிழித்த தழும்பைக் காட்டினார். அவசரத் தொடர்புக்கு யார் பெயர் என்று கேட்டேன். மனைவி பெயரைச் சொல்வார் என்று நினைத்து விரலைத் தயாராக வைத்திருந்தேன்.

"அண்ணன் பேரைப் போடுங்கக்கா. எதுன்னாலும் அது கலங்காது."

1,500 ரூபாய் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு எழுந்தவர், போகிற போக்கில் சொன்னார்: "காலையில எந்திரிச்சு அந்தத் தோப்பைப் பார்க்க முடியலக்கா. நெஞ்சை அடைக்குது."

ஊரில் பேசிக்கொண்டது வேறு. தம்பி துணிஞ்சவன், அண்ணன் மண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிறவன் என்று. இந்தப் பேச்சை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. துணிச்சல் இருக்கிறவன் போவான், இல்லாதவன் தங்குவான் என்பது எவ்வளவு எளிதாக வாயில் வந்துவிடுகிறது!

ஜெர்மனியில் ஒரு பெரிய ஆய்வு உண்டு. ஆபத்தான முடிவுகளை எடுக்க நீங்கள் எந்த அளவுக்குத் தயார் என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். அதிக மதிப்பெண் போட்டவர்கள்தான் அந்த நாட்டுக்குள்ளேயே வேறு வட்டாரத்துக்கு அதிகமாக இடம் மாறியிருந்தார்கள். 2010இல் வெளியான ஆய்வு அது. மாதச் சம்பளமும் சமூகப் பாதுகாப்பும் இருக்கிற நாட்டில், இருக்கிற இடத்தில் இருப்பது பாதுகாப்பு, கிளம்புவது ஆபத்து. எங்கள் கடைமடையில் கணக்கு அப்படி இல்லை. ஆறு வருஷம் காத்திருந்து, வண்டையும் வறட்சியையும் அடுத்த புயலையும் எதிர்த்து நிற்கப் போகிற கன்றில் நகையை வைத்துப் பணம் போட்ட அண்ணன்தான் பெரிய ஆபத்தை எடுத்தவர். தம்பி, மாதா மாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்த ஒன்றைத் தேடிப் போனவர். துணிச்சலை வைத்துப் பார்த்தால் போயிருக்க வேண்டியது அண்ணன்தான்.

அப்படியானால் இருவருக்கும் என்னதான் வித்தியாசம்? ஆளைத் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். தம்பிக்குப் புதுசு பிடிக்கும். எங்கள் பக்கத்தில் சொட்டுநீர்ப் பாசனம் போட்ட முதல் சில பேரில் அவர் ஒருவர். யூடியூப் பார்த்து வெனிலா வைத்துப் பார்த்தார், வரவில்லை, விட்டுவிட்டார். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது அவருக்குக் கஷ்டமே இல்லை. அண்ணனுக்கு ஒன்றைத் தொட்டால் முடிக்க வேண்டும். உளவியலில் ஆளுமையை ஐந்து பெரும் கூறுகளாகப் பிரிப்பார்கள்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம். அண்ணன் பொறுப்புணர்வு ஓங்கியவர், தம்பி புதுமை நாட்டம் ஓங்கியவர் என்று அதில் எழுதிவிடலாம். ஆனால் அந்த இன்னொன்றையும் விடக்கூடாது: படுத்துக்கிடந்த மரங்களைத் தம்பியால் பார்க்க முடியவில்லை. அவரைக் கிளப்பியதில் பாதி ஆசை, பாதி தாங்க முடியாமை.

தாங்க முடியாமை என்றதும் பின்லாந்து ஆய்வு நினைவுக்கு வருகிறது. மார்க்குஸ் யோகெலாவும் உடன் ஆராய்ந்தவர்களும் 2008இல் எழுதியது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒன்பது வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். கலகலப்பாகப் பழகுகிறவர்கள் நகரத்தை நோக்கிப் போனார்கள், தூரமாகவும் போனார்கள். துறுதுறுப்பானவர்கள் எங்கிருந்தும் எங்கும் மாறினார்கள். சட்டென்று உணர்ச்சிவசப்படுகிறவர்கள், பதறுகிறவர்கள் சொந்த ஊரை விட்டுக் கிளம்புவது அதிகமாக இருந்தது, ஆனால் அவர்கள் போன தூரம் குறைவு. படித்தபோது எனக்குத் திருப்பூர்தான் கண்முன் வந்தது. வீட்டில் சண்டை, காதல் தகராறு, மாமியார் பேச்சு, அப்பாவின் குடி என்று ஏதாவது ஒன்று தாங்க முடியாமல், ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அவர்கள் துபாய்க்குப் போவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ சென்னையில் ஏதாவது ஹோட்டலுக்கோ போகிறார்கள். பொங்கலுக்கு வந்துவிடலாம், அம்மாவுக்கு முடியவில்லை என்றால் ராத்திரி பஸ் இருக்கிறது என்ற தூரம். போகவும் வேண்டும், ஒரேயடியாகவும் போய்விடக்கூடாது. இந்த மனசைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம். தன்னால் எவ்வளவு தூரம் தாங்க முடியும் என்று தெரிந்துவைத்திருப்பதும் ஒரு தெளிவுதான்.

இதுவரை பொருந்திற்று. அதே யோகெலா அமெரிக்காவை வைத்து 2009இல் எழுதியதுதான் எனக்கு இடித்தது. அங்கே புதுமை நாட்டம் அதிகம் உள்ளவர்களும், இணக்கம் குறைவாக உள்ளவர்களும் மாநிலத்துக்குள்ளேயும் மாநிலம் விட்டும் அதிகம் இடம் மாறுகிறார்கள். இணக்கம் குறைவு என்றால், அடுத்தவர் மனம் கோணுமே என்று ரொம்பப் பார்க்காதவர், தன் வழியில் போகிறவர். அமெரிக்காவில் அது சரியாகவே இருக்கட்டும். என் கடையில் நான் பார்ப்பது வேறு.

ஒரு அம்மா மூன்று மகன்களில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நடுப்பிள்ளை. இருபத்திரண்டு வயசிருக்கும். நான் அவனிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னார். அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, திரையில் தன் பெயர் இங்கிலீஷில் எழுத்து எழுத்தாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில், ஏன் இவன், மூத்தவன் போகவில்லையா என்று கேட்டேன்.

"மூத்தவன் முரடும்மா. அங்க போயி சூப்பர்வைசர்கிட்ட மல்லுக்கு நின்னு ஆறு மாசத்துல திரும்பிருவான், கட்டுன காசு அம்புட்டும் போயிரும். கடைசிப்பய ஆட்டக்காரன். நல்லாதான் இருப்பான், ஆனா ஒத்தைப் பைசா அனுப்ப மாட்டான். இவன்தான் சொன்ன பேச்சைக் கேப்பான். தங்கச்சி கல்யாணம் இவன் கையிலதான் இருக்கு."

அவன் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. பிறந்த தேதி சரியா என்று கேட்டபோது மட்டும் தலையாட்டினான்.

மூன்று பேரில் புதுசைத் தேடிப் போகிற குணம் கடைசிப் பிள்ளைக்கு. எதிர்த்து நிற்கிற குணம் மூத்தவனுக்கு. அமெரிக்கக் கணக்குப்படி போயிருக்க வேண்டியது அந்த இருவரில் ஒருவர். போனதோ, மூவரில் அதிக இணக்கமும் பொறுப்பும் உள்ளவன். ஏனென்றால் முடிவு அவனுடையது இல்லை. வீட்டுடையது. வீடு பார்ப்பது யாருக்குப் போக ஆசை என்பதை அல்ல. யாரை அனுப்பினால் பணம் வரும் என்பதைத்தான்.

ஓடெட் ஸ்டார்க், டேவிட் ப்ளூம் என்ற பொருளாதார அறிஞர்கள் 1985இலேயே இதைச் சொல்லிவிட்டார்கள்: இடப்பெயர்வு தனி ஆளின் முடிவு அல்ல, பல நேரம் குடும்பத்தின் முடிவு, வருமானத்துக்கு ஒரே இடத்தை நம்பியிராமல் ஆபத்தைப் பிரித்து வைக்கிற ஏற்பாடு. மழை பொய்த்தாலும் சிங்கப்பூர்ச் சம்பளம் பொய்க்காது, அங்கே வேலை போனாலும் இங்கே நிலம் இருக்கும். அந்த ஏற்பாட்டில் குணத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் அது அம்மாவின் கண்ணில் பட்ட குணம். பிள்ளையின் மனசுக்குள் இருக்கிற குணம் அங்கே கணக்கில் வருவதில்லை.

எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைதான் பெரும்பாலும் வீட்டோடு அதிகம் ஒட்டியிருக்கிற பிள்ளையும். பிரிவு அவனைத்தான் அதிகம் வாட்டும். அங்கிருந்து போன் செய்யும்போது அவன் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வான், ஏனென்றால் அதுவும் அவன் குணம்தான். குடியேறும் ஆசை உள்ள மத்திய, கிழக்கு ஐரோப்பிய மாணவர்களை ஆராய்ந்த போனேவா, ஃப்ரீஸ் இருவரும், சாதிக்கும் வேட்கை அதிகமாகவும் உறவோடு ஒட்டியிருக்கும் தேவை குறைவாகவும் உள்ளவர்களே போக விரும்புகிறார்கள் என்று 2001இல் எழுதினார்கள். எங்கள் ஊர்களில் உறவுதான் ஆளை அனுப்புகிறது. தங்கச்சி கல்யாணம், அப்பாவின் கடன், மச்சு வீடு. உறவில் அதிகம் ஒட்டியவனே அதிக தூரம் போகிறான்.

அதிராம்பட்டினம் எங்களுக்குப் பக்கம்தான். அந்த ஊரைப் பார்த்தால் இன்னொன்று புரியும். கடலோர முஸ்லிம் ஊர்களில் சபர் போவது, அதாவது பிழைக்க வெளிநாடு போவது, இன்று நேற்று வந்த பழக்கமில்லை, தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பையன் படிப்பு முடித்தால் அடுத்து எந்த நாடு என்பதுதான் பேச்சு. மாமா அங்கே இருப்பார், அறை இருக்கும், வேலைக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கிளம்புவதற்குத் தனிக் குணம் எதுவும் தேவையில்லை, சும்மா இருந்தாலே போய்விடுவான். தங்குவதற்குத்தான் குணம் வேண்டும். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பையன், நான் இங்கேயே மீன் வியாபாரம் பார்க்கிறேன் என்று நின்றுவிட்டான். வீட்டில், தெருவில், பள்ளிவாசலில் எல்லாரும் ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே கேள்வி. அத்தனைக்கும் பதில் சொல்லிக்கொண்டு நின்றானே, அந்த மன உறுதி துபாய்க்கு விமானம் ஏறுவதற்குத் தேவைப்படுவதைவிடப் பெரிது.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்துக் கதைகளும் இதைத்தான் சொல்கின்றன. அதற்கும் முன்னால் கங்காணிகள் மலேயாத் தோட்டத்துக்கு ஆள் எடுத்தபோது சொந்த ஊருக்கே வந்து, சொந்தக்காரர்களையும் தெருக்காரர்களையும் கூட்டிப் போனார்கள். போனவர்களை எல்லாம் சாகசக்காரர்கள் என்று நாம் இன்று கற்பனை செய்துகொள்கிறோம். பஞ்சமும் சாதிக் கொடுமையும் பண்ணைக் கடனும் துரத்த, தெரிந்த ஒருவர் பின்னால் நடந்தவர்கள்தான் அதிகம். 1938இல் இந்திய அரசு மலேயாவுக்குக் கூலி ஆட்களை அனுப்பத் தடை போட்டது. அந்தத் தடைக்கு அப்புறம் போகாமல் நின்றவர்களைக் குணத்தால் நின்றவர்கள் என்று யாராவது சொல்வார்களா? கதவு திறந்திருந்தால்தான் குணத்துக்கு வேலை.

பெண்கள் விஷயத்தில் அந்தக் கதவு பல காலம் ஒரு பக்கம்தான் திறந்தது. கல்யாணம் என்ற பெயரில் எங்கள் ஊர்களில் ஊர் மாறாத பெண்ணே அரிது. நானும் அறந்தாங்கியிலிருந்து இங்கே வந்தவள். கூச்சமுள்ள பெண்ணா, கலகலப்பானவளா, புது இடம் ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் பொருத்தம் பார்ப்பதில்லை. இப்போது நர்சிங் படித்த பெண்கள் தாங்களாகவே கிளம்புவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் தெருவில் ஒரு பெண் இருந்தாள். கடைக்கு வந்தால் என்ன வேண்டும் என்பதையே இரண்டு தடவை கேட்டால்தான் சொல்வாள். அவள்தான் சென்னையில் அரசு நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்து, நேர்முகத்துக்குத் தனியாகப் போய், வீட்டில் மூன்று மாசம் சாப்பாட்டுத் தட்டின் முன் நடந்த சண்டையையெல்லாம் சத்தம் போடாமலே ஜெயித்து, குவைத்துக்குப் போனாள். அவளைப் பார்த்தபிறகு, வாயாடிகள்தான் தூர தேசம் போவார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அவளிடம் இருந்தது பிடிவாதம், அமைதியான பிடிவாதம். ஐந்து கூறுகளில் அது எந்தக் கூறில் அடங்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். போகும்போது, நாலு பேர் கூடினால் ஓரமாக நிற்கிற ஆள். வரும்போது, ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பீகார்க்காரரிடம் அரைகுறை ஹிந்தியில் குடும்பக் கதையே கேட்டுவிடுகிற ஆள். இப்போது பார்க்கிறவர்கள், இவர் இப்படிப்பட்டவர் என்பதால்தான் வெளிநாட்டில் பிழைத்தார் என்பார்கள். நடந்தது மறுபக்கம். ஜெர்மன் மாணவர்களை வைத்து ட்ஸிம்மர்மான், நையர் என்ற இருவர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்கள் கிளம்பும் முன்பே தங்கியவர்களைவிடக் கொஞ்சம் கலகலப்பானவர்கள். போய் வந்த பிறகு புதுமை நாட்டமும் இணக்கமும் கூடி, மனப்பதற்றம் குறைந்திருந்தது. அந்த மாற்றத்தில் பெரும்பங்கு அங்கே கிடைத்த புது உறவுகளுக்கு. என் வீட்டுக்காரருக்கு அது ஒரு மலையாளி சமையல்காரரும் ஒரு பாகிஸ்தான் டிரைவரும். அவர்கள் பெயரை இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். ஆகவே வெளிநாட்டில் பத்து வருஷம் இருந்தவரின் குணத்தைப் பார்த்து, இந்தக் குணம்தான் இவரை அனுப்பியது என்று முடிவு கட்டக்கூடாது. குணம் ஆளை அனுப்புவதும் உண்டு. போன இடம் ஆளுக்குக் குணம் கொடுப்பதும் உண்டு.

போகிறவர்களைப் பற்றியே பேசுகிறோம், அவர்கள் போன பிறகு ஊர் என்ன ஆகிறது என்பதைப் பேசுவதில்லை. 1850க்கும் 1920க்கும் இடையில் ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளிலிருந்து ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மக்கள் வெளியேறினார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. அதை ஆராய்ந்த டென்மார்க் ஆய்வாளர் அன்னே சோஃபி பெக் க்னுட்சென் ஒரு வித்தியாசமான வழியைக் கையாண்டார். ஊரில் எல்லாரும் வைக்கிற பெயரை வைக்காமல் அபூர்வமான பெயர் வைக்கிற வீடு, தன் போக்கில் போகிற வீடு என்று எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் அதிகமாக வெளியேறியிருந்தார்கள். அவர்கள் கூட்டமாக வெளியேறிய ஊர்களில் மிஞ்சியவர்கள் கூட்டத்தோடு ஒத்துப்போகிறவர்களாக இருந்தார்கள். ஊரின் குணமே மாறியது.

படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் ஊரிலும் எதையாவது புதுசாகச் செய்து பார்க்கிறவர்கள் எல்லாம் போய்விட்டால், கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்பது யார்? ஏரியில் மண் அள்ளுவதைத் தட்டிக் கேட்பது யார்? ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போன ஸ்வீடன்காரர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. எங்கள் ஆட்கள் வருகிறார்கள். வேலை அனுமதி முடிந்து வருகிறார்கள், வயசாகி வருகிறார்கள், சில பேர் நடுவிலேயே வருகிறார்கள்.

நாடியத்துக்காரரான நிமல் ராகவன் துபாயில் மென்பொருள் வேலையில் இருந்தவர். கஜா அடித்த சமயத்தில் ஊரில் இருந்தார். மற்றவர்கள் எந்தப் புயலால் கிளம்பினார்களோ அதே புயலால் அவர் திரும்பிப் போகாமல் நின்றார். இளைஞர்களைச் சேர்த்துக் கைஃபா என்ற கடைமடைப் பகுதி விவசாயிகள் அமைப்பின் வழியாகப் பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வாரியதை இந்தப் பக்கத்தில் எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பணம் போட்டவர்களில் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளும் உண்டு. கிளம்புகிற குணமும் ஊன்றி நிற்கிற குணமும் வேறு வேறு ஆட்களிடம்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் குளத்தில் தண்ணீர் ஏறியது.

இத்தனையும் சேர்ந்து என் கடை வேலையில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. இப்போதெல்லாம் பையனோடு பெற்றோர் வந்தால், ஆதார் நகல் எடுக்கிற சாக்கில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்கிறேன். உனக்கு எது கஷ்டம், யாருமில்லாமல் தனியாக இருப்பதா, ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேரோடு இருப்பதா? முகத்துக்கு நேரே ஒருவர் திட்டினால் என்ன செய்வாய்? முதல் கேள்விக்கு வருகிற பதிலை வைத்து வீட்டு வேலைக்கோ பண்ணை வேலைக்கோ போகக்கூடாதவர் யார், தங்கும் விடுதி ஒத்துக்கொள்ளாதவர் யார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பாலைவனத்தில் ஆடு மேய்க்கப் போனவர்களில் ஒடிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பலவீனமானவர்கள் அல்லர். பேச ஆள் இல்லாமல் இருக்க முடியாதவர்கள், அவ்வளவுதான். அதே ஆட்களைச் சிங்கப்பூரில் ஒரு கட்டட வேலைக்கு அனுப்பியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடுகிற தேக்காவில் நாலு ஊர்க்காரனைப் பார்த்துச் சிரித்துப் பேசி நன்றாக இருந்திருப்பார்கள்.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் சொல்கிற சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். நடப்பில் லட்சக்கணக்கில் கைமாறுகிறது. அந்தப் பணத்தைப் புரட்ட வீடு ஓடுகிற ஓட்டத்தில், போகப்போகிறவனிடம் உட்கார்ந்து பேச அரைமணி நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. பணம் கட்டிய பிறகு அவன் வாய் திறக்கவும் மாட்டான்.

போன மாதம் ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடிக்க, அதாவது அங்கே வேலைக்கான திறன் தேர்வு எழுதத் திருச்சியில் இன்ஸ்டிட்யூட் பார்த்தாயிற்று, முதலில் பாஸ்போர்ட் என்றார் அப்பா. பையனைத் தனியாகக் கேட்டேன். பத்துப் பேரோடு படுப்பது பிரச்சினை இல்லை என்றான். திட்டினால் பொறுத்துக்கொள்வேன் என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குப் போறதுல ஒண்ணும் இல்லக்கா. தம்பிக்குத்தான் போகணும்னு ரொம்ப ஆசை. அவனை அனுப்ப மாட்டேங்கிறாங்க, நான்தான் பணம் அனுப்புவேனாம்" என்றான். அதை நீயே அப்பாவிடம் சொல்கிறாயா என்றேன். நீங்க சொல்லுங்க என்றான். சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. தம்பிக்குப் பதினெட்டு முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு, அதுவரை பார்ப்போம் என்று மகனைக் கூட்டிக்கொண்டு போனார். தம்பி வந்தால் அவனிடமும் அதே இரண்டு கேள்வியைக் கேட்பேன்.